வேஸ்ட் பேப்பர் தராசில் ஒரு ஹவில்தார்

போன வருடம் என் வீட்டுக்காரரின் பதவி உயர்வு தட்டிப்போனதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் நாலு பேரைத் திட்டும்போது, இவள் மட்டும் யோக்கியமா என்று யாரும் கேட்கக் கூடாது.

அவர் ராணுவத்தில் ஹவில்தார். அடுத்த படி நாயிப் சுபேதார். தோளில் ஒரு நட்சத்திரம் ஏறும், சிப்பாய்கள் ‘சாப்’ என்று கூப்பிடுவார்கள், சர்வீஸும் இன்னும் சில வருடம் நீளும். அந்தப் படி ஏறாவிட்டால் இரண்டு வருடத்தில் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர வேண்டியதுதான்.

ஊருக்கு வந்தால் என்ன வேலை என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பட்டாசுக் கம்பெனி கேட். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களை வாட்ச்மேனாக வைத்துக்கொள்ளக் கம்பெனிக்காரர்கள் கியூவில் நிற்பார்கள். விறைப்பாக நிற்பான், தூங்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான். காலையில் வேலைக்கு வருகிறவர்களின் பையைத் திறந்து செல்போன் இருக்கிறதா, தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லோடு ஏற்றிப் போகிற லாரியின் நம்பரை நோட்டில் எழுத வேண்டும். கேவலமான வேலை இல்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்கு அந்த கேட் என்றால் பயம். “பனியில நின்னேன், வெள்ளத்துல நின்னேன். அந்த கேட்டுல மட்டும் இப்பமே கொண்டுபோய் நிறுத்திராதீக” என்று சாமி கும்பிடும்போது வாய்விட்டே சொல்லுவார்.

படி ஏறுவதற்கு என்னென்னவோ கேட்கிறார்கள். ‘கேடர்’ என்று ஒரு பயிற்சி, அதில் தேற வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கில் மூச்சுத் திணறியவர், வரைபடத்தில் கோணம் போட்டு மலை உயரம் கண்டுபிடித்துக் காட்டினார். ஹிந்தியில் பாடம் நடத்திக் காட்டினார். அதிகாரிகள் வருடா வருடம் எழுதுகிற ரகசிய அறிக்கை நன்றாகவே இருந்தது. சிவப்பு மையில் ஒரு தண்டனைக் குறிப்பு இல்லை. மிச்சம் இருந்தது மெடிக்கல். கண், காது, மூட்டு, மனசு, எடை எல்லாம் முதல் தரமாக இருந்தால்தான் பட்டியலில் பெயர் நிற்கும். அவர் உயரத்துக்கு எழுபத்தாறு கிலோ. அதற்கு மேல் போனால் குண்டு என்று எழுதி, தரத்தை இறக்கி, ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் காலியிடம் வந்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

போயே விட்டது. போன வருடம் லீவு முடிந்து போனவர் எண்பத்திரண்டு கிலோ. காலியிடம் வந்தது, அவருக்கு ஐந்து வருடம் ஜூனியர் ஒருவனுக்குப் போனது. துப்பாக்கியைக் கழற்றி மாட்ட இவர் சொல்லிக் கொடுத்த பையன். அவனுக்கு இப்போது இவர் விறைத்து நின்று ‘சாப்’ சொல்ல வேண்டும். போனில் அதைச் சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

ஆத்திரம் யார் மேல் என்றால், என் மேல்தான். முப்பது நாள் லீவில் அவருக்கு ஆறு கிலோ ஏற்றி அனுப்பியவள் நான். நான் மட்டும் இல்லை, எங்கள் சாதிசனம் மொத்தமும். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்காரன் லீவில் வந்து இறங்கினால் முதலில் சொல்லுகிற வார்த்தை, “என்னலே, இம்புட்டு இளைச்சிட்ட?” அவன் யானை மாதிரி வந்தாலும் அதுதான். பிறகு வீட்டுக்கு வீடு விருந்து. சித்தப்பா வீட்டில் நாட்டுக்கோழி என்றால் மாமா வீட்டில் வெள்ளாட்டுக்கறி. ஒரு வீட்டில் தின்றுவிட்டு இன்னொரு வீட்டில் வேண்டாம் என்றால் பத்து வருடத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. லீவு முடிந்து போகும்போது கன்னம் உப்பியிருக்க வேண்டும். இல்லையென்றால், “பொண்டாட்டி சோறு போடல போல” என்று என் தலைமேல் விடியும். சட்டை பொத்தான் தெறித்துப் போனால் ஊருக்கே பெருமை. இந்த மாதிரி ஒரு முட்டாள் வழக்கம் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை. அந்த முட்டாள்களில் முதல் ஆள் நான். விருந்தில்லாத நாளில் நான் என்ன, கீரையா வைத்தேன்?

இந்த வருடம் வைகாசியில் அவர் லீவில் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். முப்பது நாள் லீவு. திரும்பிப்போய் மூன்றாம் நாள் மெடிக்கல். வருகிற காலியிடம் ஒன்று. அதை விட்டால் அவருக்கு வயசும் சர்வீஸும் தாண்டிவிடும். அதற்குப் பிறகு கேட்தான்.

திருத்தங்கலில் எங்கள் வீடு. அவர் பையை இறக்கி வைத்ததும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டேன்.

“இப்ப எம்புட்டு இருக்கீக?”

“வந்ததும் வராததுமா என்ன கேள்வி? எளுவத்தெட்டு, எளுவத்தொம்பது இருக்கும்.”

“இருக்கும்னா? எடை பாக்கலையா?”

“பாக்கப் பயந்துக்கிட்டுப் பாக்கல.”

பொய் சொல்லத் தெரியாத ஆள். அதனால்தான் கட்டிக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு அச்சாபீஸில். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிளை அச்சடித்து வெட்டிக் கட்டு போடுகிற இடம். லேபிளில் கலர் விலகியிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது என் வேலை. வெட்டித் தள்ளுகிற துண்டுக் காகிதத்தை எடைக்கு வாங்கிப் போக வேஸ்ட் பேப்பர் வியாபாரி ஒருவர் வாரம் இரண்டு தடவை வருவார். தூக்கிச் சுமக்க முடியாது என்று தன் எலெக்ட்ரானிக் தராசை எங்கள் முற்றத்திலேயே போட்டு வைத்திருந்தார். மூட்டையை ஏற்றினால் சிவப்பு எழுத்தில் கிலோ எரியும். அடுத்த நாளே வீட்டுக்காரரைக் கூட்டிப்போய் அதில் ஏற்றினேன். சுற்றி என்னோடு வேலை பார்க்கிற ஆறு பெண்கள்.

“எக்கா, மூட்டையோட வாய கட்டலையா?” என்றாள் ஒருத்தி.

“வேஸ்ட்டுன்னா கிலோவுக்கு எம்புட்டு தருவாக?” என்றாள் இன்னொருத்தி.

அவர் கைகளைத் தொடையோடு ஒட்டி அட்டென்ஷனில் நின்றார். தராசில் எழுபத்தெட்டு எரிந்தது. இரண்டு கிலோதான் கூடுதல். எனக்கு உயிர் வந்தது. சனிக்கிழமை தோறும் ஏற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

விருந்துக்குக் கூப்பிட்டவர்களிடம் வயிற்றுப்புண் என்று சொல்லலாம் என்றார் அவர். நான் அப்படிச் சொல்லமாட்டேன். உள்ளதைச் சொன்னேன். எடை கூடினால் பதவி கிடையாது, அதனால் விருந்து வேண்டாம். ஒருத்தரும் நம்பவில்லை. இருந்தாலும் என் வாய்க்குப் பயந்து பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். விடாத ஒரு ஆள் என் நாத்தனார், அவருடைய அக்கா. தாய் இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். வெம்பக்கோட்டையில் இருக்கிறார், அங்கேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். இலையில் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, கறிக்குழம்பை ஊற்றினார். என் வீட்டுக்காரர் நாலு கவளம் தின்றுவிட்டு என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். இலையை மடக்கிவிட்டார்.

நாத்தனார் கரண்டியோடு நின்றார். “என்னலே, ருசி இல்லையா?”

“ருசிக்கு என்னக்கா. எடை கூடிரும்.”

“எவனாச்சும் தின்னதுக்கு வேலைய நிப்பாட்டுவானாலே? களவாண்டா நிப்பாட்டுவான். குடிச்சா நிப்பாட்டுவான். தின்னதுக்கா?” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, நீதான் மந்திரம் ஓதியிருக்க.”

“ஆமா மதினி. நான்தான் சொன்னேன்.”

“எந்தம்பிய ஒண்ணரைக் கவளத்துக்கு முறைக்கிறவகிட்ட எனக்கென்ன பேச்சு” என்று உள்ளே போய்விட்டார். வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. நாலு கவளம் தின்றதை ஒண்ணரை என்று சொன்னதில்தான் எனக்குக் கோபம்.

நானும் சும்மா இருக்கவில்லை. காலையில் கம்பங்கூழ், மதியம் ஒரு கப் சோறு, காய், ராத்திரி இரண்டு சப்பாத்தி. விடியற்காலையில் அவர் ஓடுவார். வீட்டில் எண்ணெய்ச் சட்டியைக் கழுவி மேலே ஏற்றிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை தராசில் எழுபத்தாறு எண்ணூறு. அதற்கடுத்த சனிக்கிழமை எழுபத்தைந்து அறுநூறு. முற்றத்தில் பெண்கள் கை தட்டினார்கள். இன்னும் பன்னிரண்டு நாள் லீவு இருக்கிறது, எல்லை தாண்டியாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் நானே வாயைத் திறந்து கேட்டேன். “பரோட்டா திங்கணுமா?”

அவர் துள்ளி எழுந்தார். பைக் சாவியை எடுத்தார்.

விருதுநகர் பரோட்டா எப்படிப்பட்டது என்று தின்றவர்களுக்குத் தெரியும். கல்லில் சுடுவது இல்லை, எண்ணெயில் முக்கிப் பொரித்து எடுப்பது. பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடமாக இவர் கனவு காண்பது என்னையா அதையா என்று கேட்டால் பதில் வர நேரமாகும். நாலு தின்றார். நான் மூன்று. கை கழுவிக்கொண்டு அப்படியே நடந்தால் பக்கத்துத் தெருவில் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர் வத்தல் மண்டியில் வேலை பார்க்கிறார். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுத்தார். உள்ளே போனதும் மிளகாய் நெடியில் இரண்டு பேரும் தும்மினோம். எடைக் கதையைச் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டு, “ஏறு மாப்ள, நம்ம தராசுலயும் பாப்போம்” என்று மூட்டை எடை போடுகிற தராசைக் காட்டினார்.

ஏறினார். எழுபத்தெட்டு எண்ணூறு.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். இறங்கி மறுபடி ஏறினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பர்ஸையும் போனையும் என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். நூறு, இருநூறு கிராம் ஆடியதே தவிர இறங்கவில்லை.

“இப்பத்தான் பரோட்டா சாப்புட்டோம்” என்றேன்.

“நாலு பரோட்டா மூணு கிலோவா தங்கச்சி?” என்றார் அவர்.

“அப்ப ஒங்க தராசு களவாணித் தராசு.”

நான் எப்போதும் இப்படித்தான், நினைத்தது வாயில் வந்துவிடும். அவர் கோபப்படவில்லை. தராசின் ஓரத்தில் இருந்த அரசாங்க முத்திரையைக் காட்டினார். “எங்களுக்கு வாங்குறதும் இதுலதான், விக்கிறதும் இதுலதான். கூடக் காட்டுனா வாங்கும்போது எங்களுக்கு நட்டம், கொறச்சுக் காட்டுனா விக்கும்போது நட்டம். ஆமா, நீங்க எங்கன எடை பாத்தீக?”

“அச்சாபீஸ்ல. வேஸ்ட் பேப்பர் வாங்குறவரு தராசுல.”

மண்டியில் இருந்த சுமை தூக்குகிறவர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வாங்க மட்டும் செய்யுறவன் தராசு என்னைக்கு தங்கச்சி உள்ளதக் காட்டியிருக்கு?”

நான் பதினைந்து வருடமாக அந்த அச்சாபீஸில் வேலை பார்க்கிறேன். காகிதத்தை நிறைய வாங்கிக் குறைய எழுதுவதற்கு வைத்திருக்கிற தராசு அது என்று எனக்கு உறைக்கவில்லை. கலர் ஒரு மயிரிழை விலகினால் கண்டுபிடிக்கிறவளுக்கு முற்றத்தில் நிற்கிற திருட்டு தெரியவில்லை. பைக்கில் நானும் அவரும் திரும்பினோம். பாதி வழியில், “அந்த நாலு பரோட்டா வேணாம்னு சொல்லியிருக்கணும் நான்” என்றார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. பின்னால் உட்கார்ந்தபடியே அந்த வியாபாரியின் ஏழு தலைமுறையைத் திட்டினேன். திருத்தங்கல் வந்த பிறகும் இரண்டு தலைமுறை பாக்கி இருந்தது.

திங்கட்கிழமை இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தையல் பிரிக்காமல் அச்சாபீஸுக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். இருபத்துநாலு எரிந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. எத்தனை வருடத்துக் காகிதம்! வியாபாரி வந்தபோது முதலாளி வாய் திறப்பதற்கு முன் நான் திறந்தேன்.

“அண்ணே, இதென்ன தராசு?”

“வெயில்மா. வெயிலுக்குத் தராசு இளகிக் கொஞ்சம் கொறச்சுக் காட்டும்.”

“மார்களியில கூடக் காட்டுச்சா?”

“மார்களியில நீங்க கேக்கலையே.”

சிரிக்காமல் சொன்னார். முதலாளி அன்றே தராசை மாற்றச் சொல்லிவிட்டார். “ஒங்க வீட்டுக்காரரு வராட்டி இன்னும் பத்து வருசம் ஏமாந்திருப்பேன்” என்று என்னிடம் சொன்னார். அவருக்கு நல்லது. எங்களுக்கு என்ன? கையில் பத்து நாள், குறைய வேண்டியது மூன்று கிலோ. முந்தின இரண்டு வாரம் எல்லோரும் கை தட்டினார்களே, அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசும்.

அதற்குள் இன்னொரு சங்கதி வந்தது. என் நாத்தனார் வெம்பக்கோட்டையில் கண்மாய்க் கரைக் காவல் சாமிக்குக் கிடா நேர்ந்திருந்தார். போன வருடம் தம்பிக்குப் பதவி கிடைக்காமல் போனதும் நேர்ந்த கிடா. வருகிற வெள்ளிக்கிழமை வெட்டு. சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. எங்களுக்கு மட்டும் வேறு ஆள் மூலமாகச் செய்தி. பதவி கிடைக்க வேண்டும் என்று வெட்டுகிற கிடாவின் கறியைத் தின்றால் பதவி போய்விடும். தின்னாவிட்டால் சாமி குற்றம், அக்கா உறவு அதோடு அறுந்துவிடும். இப்படி ஒரு சிக்கலை எந்த ராணுவத்துக்காவது வைத்திருக்கிறார்களா?

“நேருல போய்ப் பேசிருவோம்” என்றேன்.

“நீ பேசுனா சண்டதான் வரும்.”

“வரட்டும்.”

புதன்கிழமை சாயங்காலம் போனோம். நாத்தனார் வேலை விட்டு வந்து, கைகளில் ஒட்டியிருந்த பட்டாசு மருந்துத் தூளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார்.

“மதினி, கோவிச்சாலும் சரி. அவுக இன்னும் மூணு கிலோ கொறைக்கணும். வெள்ளிக்கிழம கறி திங்க மாட்டாக. சாமி குடுக்குறத சாமி கிடாயே பிடுங்கிறக் கூடாது.”

“அவனுக்காகத்தான் கிடா. அவன் திங்காத கறிய நாயா திங்கும்?”

“திங்கக் கூடாதுன்னா கூடாதுதான்.”

“ஏட்டி, அவன் வயித்துக்குள்ள நீ என்ன இரும்புக் கேட்டப் போட்டுப் பூட்டுறது?”

குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுக்காரி சுவர் ஓரம் வந்து நின்றுகொண்டாள். அதுவரை வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்ற என் வீட்டுக்காரர் பேசினார்.

“அக்கா, ஒங்க கம்பெனி கேட்டுல ஆளு வேணும்னாகளே, ஆளு போட்டுட்டாகளா?”

நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னும் இல்ல. பளைய வாட்ச்மேனுக்கு மூட்டு வலி. எதுக்குலே கேக்க?”

“எனக்குச் சொல்லி வை. இந்தத் தடவை எடையில விளுந்தா, ரெண்டு வருசத்துல வந்துருவேன். காக்கிச் சட்ட தைக்கக் குடுத்திரலாம். வயிறும் அதுக்குச் சரியா இருக்கும்.”

“கூறுகெட்டதனமாப் பேசாத.”

“காலையில மொத ஆளா நீதானே வருவ? ஒன் பையத்தான் மொதல்ல பாப்பேன். செல்லு இருக்கா, தீப்பெட்டி இருக்கான்னு.”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என் பையத் தெறந்து பாப்பியாலே?”

“பாக்கணும்லக்கா. டூட்டி.”

“தூக்குச்சட்டியையுமா?”

“மூடியத் தெறன்னு சொல்லுவேன். என்ன கொளம்புன்னு கேட்டாலும் கேப்பேன்.”

பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தாள். ஆனால் நாத்தனார் சிரிப்பை நிறுத்திவிட்டார். தினமும் காலையில் அந்த கேட்டில் பையைத் திறந்து காட்டுகிறவர் அவர். அங்கே நிற்கிறவரும் பழைய ஹவில்தார்தான். தன் இடுப்பில் வளர்ந்தவன் அந்த இடத்தில் நின்று, “பையத் தெற” என்று சொல்லுகிற காட்சி அவர் கண்ணுக்குள் ஓடியதை நான் பார்த்தேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“ஏட்டி,” என்று என்னைக் கூப்பிட்டார். இரண்டு வாரத்துக்குப் பிறகு. “எம்புட்டுக் கொறையணும்னு சொன்ன?”

“மூணு கிலோ. எட்டு நாளுல.”

“அத நீ அன்னைக்கே வெளங்கச் சொல்லியிருந்தா?”

“சொன்னேன் மதினி. நீங்க கரண்டியக் கீள வச்சாத்தானே கேக்கும்.”

“இந்த வாயி இருக்கே ஒனக்கு” என்று சொல்லிவிட்டு யோசித்தார். பிறகு ஒரு வழி சொன்னார். பதினைந்து வருடமாக நான் அந்தக் குடும்பத்துப் பந்திகளில் உட்கார்ந்து எழுந்தவள். எனக்கு அது தோன்றியிருக்காது. “பந்தி பரிமாறுறவன ஆரும் உக்காந்து திங்கச் சொல்ல மாட்டாக. வாளியத் தூக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை கண்மாய்க் கரை வேப்பமரங்களுக்கு அடியில் பந்தி. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழம்பு வாளியைத் தூக்கினார். சுடு குழம்பு நிறைந்த வாளி, அந்த வெயிலில். ஒரு வரிசை முடித்துத் திரும்புவதற்குள் முதல் ஆள் “பட்டாளம், இங்கன கொஞ்சம் ஊத்து” என்பார். ஓடுவார்.

“என்ன மருமகனே, நீ சாப்பிடலையா?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“பந்தி முடியட்டும் மாமா.”

நாலு பந்தி. ஒவ்வொரு பந்தியிலும் அதே கேள்வி, அதே பதில். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. கேடரில்கூட இப்படி ஓடவில்லை என்றார் பிறகு. கடைசிப் பந்தி எழுந்தபோது சட்டியில் ஒரு எலும்புகூட மிச்சம் இல்லை. என் நாத்தனார் கணக்காகப் பார்த்து, ஆள் ஆளுக்கு இரண்டு கரண்டி அதிகமாகவே ஊற்றச் சொல்லித் தீர்த்திருந்தார். சாமிக்குப் படைத்ததில் ஒரே ஒரு துண்டை எடுத்து, கண்ணில் ஒற்றி, தம்பி வாயில் போட்டார். இன்னொரு துண்டை எடுத்தவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தன் வாயில் போட்டுக்கொண்டார். தம்பிக்கு ஒரு டம்ளர் ரசம்.

அதற்குப் பிறகு காவலுக்கு நான் தேவைப்படவில்லை. “எவளாச்சும் எந்தம்பிக்கு எலை போட்டீக, அவ்ளோதான்” என்று நாத்தனார் சொந்தக்காரர் வீடு முழுக்கப் போன் போட்டுவிட்டார். என் சொல்லை நம்பாதவர்கள் அவர் சொன்னதும் நம்பிவிட்டார்கள். உள்ளதைச் சொன்னவள் நான், பெயர் அவருக்கு. போகட்டும். ஆனால் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

லீவு முடிகிற அன்று விருதுநகர் ஸ்டேஷனுக்கு நாத்தனாரும் வந்தார். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் தம்பியை ரயிலேற்ற வரும்போது இரண்டு கையிலும் பை தொங்கும். முறுக்கு, அதிரசம், எண்ணெய் ஒழுகும் கறி வறுவல். அன்று வெறுங்கை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தார், கட்டினார், தூணில் சாய்த்தார். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகத் தம்பியின் தலையைத் தடவிவிட்டு, “வழியில எதையும் வாங்கித் திங்காதலே” என்று கத்தினார். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊரிலேயே அப்படி வழியனுப்பிய ஒரே அக்கா இவராகத்தான் இருக்கும்.

ஊரில் கடைசியாக மண்டித் தராசில் பார்த்தபோது எழுபத்தாறு எண்ணூறு. ரயிலில் இரண்டு நாள், அங்கே போய் மூன்று நாள். வாழைப்பழமும் மோரும், கூடவே காலையும் மாலையும் ஓட்டம். மெடிக்கல் அன்று நான் அச்சாபீஸில் லேபிள் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எத்தனை விலகின கலரை விட்டேனோ தெரியாது. பதினொரு மணிக்குப் போன் வந்தது. மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. முற்றத்துக்கு ஓடி, புதுத் தராசுப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“எம்புட்டு?”

“எளுவத்தஞ்சு தொள்ளாயிரம்.”

“எந்தத் தராசு?”

“ஏ பிள்ள, ஆஸ்பத்திரித் தராசு! இங்கன ஆரும் பேப்பர் வாங்கல!”

நான் போட்ட சத்தத்தில் பைண்டிங்கில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே ஓடிவந்தார்கள். எங்கள் பக்கத்தில் யாராவது அப்படிக் கத்தினால் எங்கேயோ வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைப்பார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருத்தி என்னையே தராசில் ஏற்றிவிட்டாள். என் எடையைச் சொல்லப்போவதில்லை.

அன்று சாயங்காலம் நாத்தனாருக்குச் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறார் போல என்று நினைத்தேன்.

“அப்ப நூறு கிராம் மிச்சம் இருந்துருக்கு” என்றார்.

“ஆமா மதினி.”

“அன்னைக்கு அந்த ரெண்டாவது துண்ட அவனுக்குப் போட்டிருக்கலாமேட்டி. நீதான் முறைச்ச.”

ஐப்பசியில் உத்தரவு வந்து, தோளில் நட்சத்திரம் ஏறியது. மேலதிகாரி குத்திவிட்ட அன்று வீடியோவில் கூப்பிட்டார். என் வீட்டுக் கூடத்தில் நானும் நாத்தனாரும் ஒரு போனை இரண்டு பேர் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தோம். புதுத் தொப்பி, விறைத்த தோள், அதில் ஒற்றை நட்சத்திரம். போன வருடம் இவரைத் தாண்டிப் போன பையன், இப்போது இவருக்குச் சமமான சாப், பக்கத்தில் வந்து பல்லைக் காட்டினான். நாத்தனார் போனைத் தன் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் நட்சத்திரத்தைப் பார்த்தார். பிறகு கீழே இறக்கி, தம்பியின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் ஒண்ணும் சொல்லல,” என்றார். “நூறு கிராம்.”